நான் வெட்டிய கடைசி ஈரடிகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

புகைமூட்டம். பால்கனியில் நின்றால் ரயில் நிலையக் கட்டடம் பாதிதான் தெரிகிறது. மருந்தில்லாமலே இருமல் நின்றுவிட்டது.

செய்ய வேண்டியவை:
– கண் சொட்டு மருந்து
– மூன்றாம் மாடிக்காரர் படியில் நிறுத்தும் சைக்கிள். நிர்வாகத்துக்குக் கடிதம், இரண்டாம் முறை
– குணாவுக்கு முன்னுரை

குணா அச்சகத்துக்காரர். வசுமதிபென் கவிதைகளின் என் தமிழாக்கம் இரண்டாம் பதிப்பு போகிறது. 24ஆம் தேதி இங்கே பிரிக்பீல்ட்ஸில் வாசிப்பு. “அவங்க வாழ்க்கையும் எழுத்தும் பத்தி ரெண்டு பக்கம் ஆன்டி. அதுக்கு மேல யாரும் படிக்க மாட்டாங்க” என்கிறார். சரியாகத்தான் சொல்கிறார்.

குறிப்புகள்: பவநகர் பக்கம் ஒரு சிற்றூர். தந்தை பள்ளி ஆசிரியர். பத்தொன்பது வயதில் கல்யாணம், கப்பல், கிள்ளான். கணவர் குடும்பத்துக்குப் புடவைக் கடை. ஐம்பது வருடத்துக்கு மேல் அதே கல்லா. குஜராத்தில் நான்கு தொகுப்புகள், எல்லாம் கஜல்கள். கையெழுத்துப் பிரதி தபாலில் போகும், புத்தகம் தபாலில் வரும். விழாவுக்கு அழைத்தார்கள், தீபாவளி வியாபார நேரம், போகவில்லை. இப்போது வயது 77, என்னைவிட ஒன்று குறைவு.

எழுதும் இடம்: ரவிக்கைத் துணியைச் சுற்றி வரும் அட்டை. ஒருமுறை அட்டையோடு துணி விற்றுப் போய், பஸ் நிறுத்தம் வரை ஓடியிருக்கிறாள். “அட்டையை மட்டும் குடு மா. துணி உனக்கே.” இதை முன்னுரையில் போடலாமா? கண்ணியக் குறைவாகத் தோன்றலாம். யோசிக்க வேண்டும்.

நாங்கள் பழகிய கதை வேண்டாம். ஒரு கவிதைக் கூட்டத்தில் தன் கவிதைக்குத் தானே செய்த ஆங்கிலத்தை வாசித்தாள். தாங்க முடியவில்லை. கூட்டம் முடிந்ததும் போய்த் திருத்தினேன். அடுத்த வியாழக்கிழமை நோட்டோடு என் வீட்டு வாசலில் நின்றாள். ஏழு வருட வியாழக்கிழமைகள். அவள் குஜராத்தியில் ஒரு வரி சொல்வாள். ஆங்கிலம், மலாய், கடையில் கற்ற தமிழ் மூன்றையும் கலந்து பொருள் சொல்வாள். நான் எழுதுவேன்.

மாலை 6. வசுமதிபென்னின் மருமகள் ஜிக்னாவிடமிருந்து போன். வ. கடையில் விழுந்துவிட்டாள். கிள்ளானில் மருத்துவமனை. லேசான பக்கவாதம் என்கிறார்கள்.

முன்னுரை எழுதவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை. கொமுட்டர் ரயிலில் பெண்கள் பெட்டி. எதிரே ஒரு பெண் போனில்: “ப்ளூ டிக் போட்டுட்டான் டி, பதில் இல்ல. மூஞ்சிய பாரு.” கிள்ளான் வரை அதே பேச்சு.

வ.வின் வலது கை விழுந்து கிடக்கிறது. வாய் சற்றுக் கோணல். தலைமுடியை யாரும் வாரவில்லை. நான் வாரிவிட்டேன்.

தாதி நல்ல பெண், மலாய்க்காரி. “மாச்சிக் வசுமதி, மாச்சிக் வசுமதி” என்று அத்தை முறை சொல்லித் தோளைத் தட்டினாள். கண் திறக்கவில்லை. மகன் கேதன் வெளியே கூட்டிப்போய்ச் சொன்னான்.

“பேர் சொல்லி கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குறாங்க ஆன்டி. கேட்டா சவிதா, சவிதான்றாங்க.”

“யார் சவிதா?”

“அப்பாவோட அம்மா. செத்து முப்பது வருஷம் ஆச்சு. இன்னும் பயம் பாருங்க. மாமியார் பவர் லா.”

சிரித்தான். பிறகு சுவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கேதனுக்குக் குஜராத்தி பேச வரும், படிக்க வராது. அம்மாவின் புத்தகம் ஒன்றையும் அவன் படித்ததில்லை.

எனக்கு அந்தப் பெயர் தெரியும். ஒவ்வொரு கஜலின் கடைசி ஈரடியிலும் அது வரும். வ.வின் புனைபெயர். இந்த நிலையிலும் புனைபெயரா என்று தோன்றியது. நினைத்ததை மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

அந்தக் கடைசி ஈரடிகளைத் தமிழில் நான் விட்டுவிட்டேன். நாற்பத்தொரு கவிதை, நாற்பத்தொன்றிலும். காரணங்கள் அன்று தெளிவாக இருந்தன. தன் பெயரைத் தானே பாட்டில் சொல்லிக்கொள்வது தற்பெருமை. கான்வென்டில் கட்டுரையை ‘நான்’ என்று தொடங்கினால் ஆங்கில சிஸ்டர் சிவப்பு மையால் அடிப்பார். அந்தச் சிவப்பு இன்னும் என் கையில் இருக்கிறது. மேலும், அந்த ஈரடி இல்லாமலே கவிதை முடிந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றியது. அவளிடம் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில். எங்கள் நாள்.

கண் திறந்திருந்தாள். பேச்சு குழறல், ஆனால் புரிகிறது.

“பத்மாபென், இன்னிக்கு வியாழன் தானே. நோட்டு எங்க?”

பென் என்றால் அக்கா. என்னைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரே ஆள். மற்ற எல்லாருக்கும் நான் மிஸஸ் சிவராஜா, இல்லாவிட்டால் ஆன்டி. முதல் நாளே, “அது வீட்டுக்காரு பேரு. உன் பேரு என்ன?” என்று கேட்டவள். மரியாதை தெரியாதவள் என்று அன்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன்.

தாதி கூப்பிட்டால் ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“யாரையோ கூப்பிடுறாங்கன்னு நினைச்சேன்.” பிறகு, “என் பேரு சவிதா.”

“அது புனைபெயர்.”

“இல்ல. அப்பா வச்ச பேரு.”

அவள் சொன்னபடியே எழுதுகிறேன், மறந்துவிடக் கூடாது.

“மாமியார் பேரும் சவிதா. ஒரு வீட்ல ரெண்டு எப்படி? வீட்டுக்காரு அம்மா பேரைச் சொல்லி பொண்டாட்டிய கூப்பிட முடியுமா? தப்பு இல்ல? பெரியவங்க பேசி முடிச்சுட்டாங்க. பந்தல்ல வச்சு எனக்குச் சொன்னாங்க, இனிமே நீ வசுமதி. யாரு அதுன்னு திரும்பிப் பார்த்தேன்.”

சிரித்தாள். வாயின் இடது பக்கம் மட்டும்.

“அப்புறம் கப்பல், பாஸ்போர்ட், எல்லாம் வசுமதி. அப்பா கடிதத்துல கூட வசுமதி. மாமியார் படிப்பாங்க இல்ல. கஜல்ல கடைசியில எழுதுற ஆள் பேரு வரணும். அது ரூல். ரூல் இருக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? யாராச்சும் கேட்டா ரூல்னு சொல்லிடலாம்.”

“மாமியார் ஒன்றும் சொல்லவில்லையா?”

“அவங்களுக்கு ரொம்ப பெருமை. மருமக என்னைப் பத்தி தான் பாட்டு எழுதுறான்னு கடைக்கு வர்றவங்க கிட்ட எல்லாம் சொல்லுவாங்க.”

ஜிக்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கும் இது புதிது. நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

பெயருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்தக் கடைசி ஈரடி தவிர வேறெங்கும் அது இல்லை. நான் அதை நாற்பத்தொரு முறை வெட்டியிருக்கிறேன்.

சொல்லவில்லை. ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். சுளையில் நாரே இல்லாமல் உரித்திருந்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலை கோயில். கூட்டம் அதிகமில்லை. ஓதுவார் பதிகம் பாடினார். கடைசிப் பாட்டில் பாடியவர் தன் பெயரைச் சொல்லி முடிப்பது காதில் விழுந்தது. எழுபது வருடமாகக் கேட்கிறேன். நானே பாடியிருக்கிறேன். அதைத் தற்பெருமை என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அவளுடையது மட்டும் எனக்குத் தற்பெருமையாகப் பட்டது.

திருநீறு வாங்காமல் வந்துவிட்டேன்.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக முப்பத்தொரு வருடம். கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று உறுதிமொழி. திருடன் நீதிபதியைத் திட்டினாலும் அதே சொல்லை அதே வேகத்தில் சொல்லியிருக்கிறேன். ஒரு நீதிபதி கண்டித்தபோது, “யுவர் ஆனர், அது என் சொல் அல்ல” என்றேன். அதை வீட்டில் எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். என் கணவருக்கே அலுத்துப்போய், “பத்து தடவை கேட்டாச்சு” என்று பேப்பரைத் தூக்கிக்கொள்வார்.

திருடனுக்குச் செய்ததை இவளுக்குச் செய்யவில்லை.

இனி இந்த நோட்டில் ச. என்றே எழுதுவேன்.

ஆகஸ்ட் 9, சனி

தண்ணீர் இல்லை. நாளை வரும் என்கிறார்கள்.

பழைய நோட்டுகளை எடுத்தேன், ஏழு. நல்ல வேளை, அவள் சொன்ன பொருளை வரிக்கு வரி எழுதிவைத்திருக்கிறேன். கடைசி ஈரடி ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்புக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது. கோட்டுக்கு அடியில் எழுத்து தெரிகிறது. நாற்பத்தொன்றும் இருக்கின்றன.

குணாவுக்குப் போன்.

“நிறுத்தணுமா? ஆன்டி, பாதி அடிச்சாச்சு லா.”

“அடித்ததை விட்டுவிடுங்கள். நான் தருவதை வைத்துப் புதிதாக அடிக்க வேண்டும்.”

“தமிழ்ல படிக்கிறவங்களுக்கு என்ன விட்டுச்சுன்னு எப்படித் தெரியும்? யாரு வந்து கேட்கப் போறா?”

“எனக்குத் தெரியும்.”

நெடுமூச்சு விட்டார். “20ஆம் தேதிக்குள்ள குடுங்க. இல்லாட்டி 24க்கு புக் இல்ல, வெறும் வடையும் தேத்தண்ணியும் தான்.”

ஆகஸ்ட் 11, திங்கள்

ச.வை நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைக்கு மேல்மாடியில்தான் வீடு. பக்கவாதம் இரண்டாவது முறை வரலாம், வந்தால் கடுமையாக இருக்கும் என்று ஜிக்னாவிடம் டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஆறு கவிதை முடிந்தது. கல்லாக் கவிதை இன்று. அச்சில் இருப்பது:

பகலெல்லாம் பட்டை விரித்தேன், மாலையில் மடித்து வைத்தேன்.
கேட்ட நிறம் எடுத்துக் காட்டினேன், கேளாததை மடித்து வைத்தேன்.

இப்படியே ஐந்து ஈரடி. நான் வெட்டியது:

யார் அளவுக்கும் வெட்டாத துணி ஒன்று மிச்சம், சவிதா,
அதன் மேல் உன் பெயரெழுதி எல்லாவற்றுக்கும் அடியில் மடித்து வைத்தேன்.

இதில்லாமலே கவிதை முடிந்துவிடுகிறது என்று நினைத்திருக்கிறேன். எழுபத்தோரு வயதில். படித்தவள் என்று பெயர்.

வாசலில் தேசியக் கொடி விற்கிறார்கள், காருக்கு ஒட்டுவது. கார் இல்லை. வாங்கினேன்.

ஆகஸ்ட் 13, புதன்

பதினெட்டு. கண் எரிச்சல். சொட்டு மருந்து வாங்கியாயிற்று.

நாளை வியாழன். நாளை சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் எழுதினேன், சாட்சி வாக்குமூலம் போல. மூன்றாவது வாக்கியத்தில் மன்னிப்பு. அந்தச் சொல்லை எழுதி அடித்து மறுபடி எழுதினேன். நான் கடைசியாக யாரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று நினைவில்லை. கணவரிடம், அவர் இருந்தவரை, கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டிய ஒன்றிரண்டு உண்டு.

ஆகஸ்ட் 14, வியாழன்

கிள்ளான். கீழே கடையில் கூட்டம். ஒரு பெண் ஜிக்னாவிடம், “அக்கா, இந்த கலர் போகாதுன்னு உங்க மாமி சத்தியம் பண்ணுவாங்க. நீங்க பண்ண மாட்டேங்குறீங்களே” என்று வம்பு செய்துகொண்டிருந்தாள்.

மாடி. ச. தலையணையில் சாய்ந்திருந்தாள். மூன்று வாக்கியமும் மறந்துவிட்டது. தமிழில் சொன்னேன். “உன் பாட்டுகளின் கடைசி ஈரடியை நான் தமிழில் போடவில்லை. ஒன்றிலும் போடவில்லை. உன் பெயர் அந்தப் புத்தகத்துக்குள் இல்லை.”

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, “தெரியும்” என்றாள்.

“எப்போதிலிருந்து?”

“முதல் நாள்லேர்ந்து. நீ படிச்சுக் காட்டினே இல்ல? பேரு வரும், பேரு வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீ நோட்டை மூடிட்ட.”

“ஏன் கேட்கவில்லை?”

“உங்க வீட்டுப் பழக்கம் போலன்னு நினைச்சேன். புது வீட்டுக்குள்ள போனா முதல்ல பேரைத்தான் எடுப்பாங்க. அப்புறம் நல்லா வச்சுக்குவாங்க. நீ நல்லாத்தான் வச்சுக்கிட்ட.”

குற்றம் சொல்லும் குரலே இல்லை. புடவையின் விலை சொல்வது போல. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மன்னிப்பு என்ற சொல்லைச் சொன்னேன். தமிழில் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவள் இடது கையால் என் முழங்கையைத் தட்டினாள், அடம் பிடிக்கும் வாடிக்கையாளரைத் தட்டுவது போல.

எல்லாவற்றையும் திரும்ப எழுதுகிறேன், பதினெட்டு முடிந்தது என்றேன்.

முகம் மாறியது. “கொண்டு வந்தியா? படி.”

பையில் இருந்தது. ஆனால் அடித்தல் திருத்தலோடு. இரண்டு இடத்தில் இன்னும் சரியான சொல் அகப்படவில்லை.

“சுத்தப் பிரதி ஆகட்டும். அடுத்த வியாழன் நாற்பத்தொன்றும் சேர்த்துப் படிக்கிறேன்.”

“ஒண்ணு படி, பத்மாபென்.”

“அரைகுறையாக வேண்டாம்.”

சரி என்று தலையாட்டினாள். எப்போதும் போல.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலை 8.20. ஜிக்னா. இரண்டாவது முறை வந்துவிட்டது, நேற்று மத்தியானம்.

முப்பத்து மூன்று முடிந்திருக்கிறது. சுத்தப் பிரதி, ஒரு திருத்தம் இல்லாமல். அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மேசை விரிப்பைப் போட்டு மூடிவைத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மருத்துவமனை. அதே வார்டு, வேறு கட்டில்.

ஜிக்னா: “தமிழ் போச்சு ஆன்டி. இங்கிலீஷ், மலாய் எல்லாம் போச்சு. குஜராத்தி கொஞ்சம் வருது. அதுவும் சின்னப் பிள்ளை பேசுற மாதிரி. நேத்து என்னைப் பார்த்து, கிணத்துக்குப் போகணும், வாளி எங்கன்னு கேட்டாங்க.”

என்னை அடையாளம் தெரியவில்லை. அல்லது தெரிந்து, எந்த மொழியில் சொல்வது என்று தெரியவில்லை. கேதனிடம் டாக்டர், இனி நாட்கணக்குதான் என்றார். கேதன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

வியாழன் என்று சொன்னேன் அல்லவா, நான்தான். பையில் இருந்ததை எடுத்து ஒன்று படித்திருக்கலாம். அன்று அவளுக்குத் தமிழ் இருந்தது. இரண்டு சொல் சரியில்லை என்று நிறுத்தினேன். எந்த இரண்டு சொல் என்று இப்போது தேடிப் பார்த்தால் எனக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மழை, இடி. நாற்பத்தொன்று முடிந்தது. குணாவுக்கு அனுப்பிவிட்டேன். முன்னுரையும். அதில் முதல் வாக்கியம் அவள் பெயர். பஸ் நிறுத்தக் கதையையும் போட்டுவிட்டேன்.

குணா சொன்னாராம், கேதன் போன் செய்தான். “பேரை ஏன் மாத்துறீங்க ஆன்டி? அம்மாவை எல்லாருக்கும் வசுமதியா தான் தெரியும். பாட்டி பேரை போட்டா ஆளுங்க குழம்புவாங்க லா.”

“அது பாட்டி பெயர் மட்டும் இல்லை கேதன்.” ஜிக்னாவிடம் கேட்கச் சொன்னேன். போனை வைக்காமலே அவளைக் கூப்பிட்டுக் கேட்டான். பிறகு, “அம்மா எனக்கு ஏன் சொல்லல?” என்றான். நீ கேட்டாயா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. நானும் கேட்டவள் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

மேகமூட்டம். 9.10 ரயில். குடை மறந்துவிட்டேன், இதுவரை மறந்ததில்லை.

ச. கண் மூடியிருந்தாள். மூச்சு சத்தமாக. கட்டிலருகே ஜிக்னா மட்டும். நோட்டை எடுத்ததைப் பார்த்து, “அவங்களுக்குப் புரியாது ஆன்டி” என்றாள் மெதுவாக. தெரியும் என்றேன்.

முதலிலிருந்து தொடங்கினேன். முழுக் கவிதையும், பிறகு கடைசி ஈரடி. நீதிமன்றக் குரலில், நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக. ஒன்று, இரண்டு, மூன்று. அசைவில்லை. பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டி தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தாதி வந்து மருந்துப் பையை மாற்றினாள். நான் நிறுத்தவில்லை.

ஏழாவது கல்லாக் கவிதை. யார் அளவுக்கும் வெட்டாத துணி ஒன்று மிச்சம், சவிதா என்று வந்ததும் கண் திறந்தது.

“ஹா. ஆவு சூ” என்றாள். குரல் ஒரு பெண்பிள்ளையின் குரல். அவசரமாக, உள்ளறையிலிருந்து பதில் கொடுப்பது போல.

நான் ஜிக்னாவைப் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் மற்றவர்களுக்கு இடையில் நின்றவள், ஒருத்தி வாயைப் பார்த்துக் காத்திருந்தேன்.

“இதோ வர்றேன்னு சொல்றாங்க ஆன்டி.”

ச.வின் கண்கள் கூரையில் தேடின. மறுபடியும் ஏதோ கேட்டாள்.

“யாரு கூப்பிட்டாங்கன்னு கேட்கிறாங்க.”

நான்தான் என்று சொல்லச் சொன்னேன்.